இரத்தக் குழாயின் சுவருக்குள் மூளும் நெருப்பு

விடுமுறையில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் மகன் பெட்டியைத் திறக்கிறான். அத்தர், பேரீச்சம்பழம், பால்பவுடர், தைலம் ஆகியவற்றுக்கு இடையே வாப்பாவுக்கென்று ஒரு பெரிய மாத்திரைப் புட்டியும் இருக்கிறது. 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட, பொன்னிற எண்ணெய் நிறைந்த வைட்டமின் ஈ மாத்திரைகள். இரத்தக் குழாய் துருப்பிடிப்பதை இது தடுக்கும், இதயத்தைக் காக்கும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார். மகனின் அன்பில் குறையேதும் இல்லை. ஆனால் சில வாரங்களில் வேறொன்று நிகழ்கிறது. "இத்தனை உயர்ந்த மருந்தைச் சாப்பிடும்போது அந்தப் பிரஷர் மாத்திரை எதற்கு?" என்று வாப்பா, பல ஆண்டுகளாக உட்கொண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்.

அன்பு வாசகர்களே! இப்படியொரு வாப்பாவை உங்கள் மஹல்லாவிலும் நீங்கள் கண்டிருக்கலாம். உங்கள் இல்லத்திலேயே அவர் இருக்கவும் கூடும். அவர் செய்தது சரிதானா? இரத்தக் குழாயில் உண்மையிலேயே 'துரு' உண்டாகிறதா? உண்டாகிறது என்றால் அதனை உண்டாக்குவது யார்? புட்டியிலுள்ள மாத்திரை அந்த இடத்தைச் சென்றடைகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண, நம் உடலுக்குள் ஒரு நுண்ணிய இடத்திற்குச் சற்றுப் பயணம் செய்தாக வேண்டும். சில பெயர்கள் புதியனவாக இருக்கலாம். பொறுமையுடன் உடன் வாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரின் உயிரோடு தொடர்புடைய விஷயம் இது.

வெறும் குழாய் அன்று

இரத்தம் உடலில் செல்லும் வழியை ஆராய்ந்தோர் வரிசையில் நம் முன்னோர்க்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. டமாஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு நஃபீஸ் அவர்கள், இதயத்தின் வலது அறையிலுள்ள இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடது பக்கத்தை அடைகிறது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்கள். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன என்ற, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பப்பட்டுவந்த கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்தை அவர்கள் துணிவுடன் மறுத்தார்கள். 1288ல் மறைந்த அப்பெருமகனாரின் ஏட்டுப் பிரதி பெர்லின் நூலகத்தில் இருந்ததை 1924ல் எகிப்திய மருத்துவர் ஒருவர் கண்டெடுத்த பிறகே உலகம் இதனை முழுமையாக உணர்ந்தது.

இரத்தம் செல்லும் பாதை இவ்வாறு தெளிவாயிற்று. ஆயினும் அப்பாதையின் சுவரைப் பற்றிய எண்ணம் மாற மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின. நீர்க்குழாயைப் போல அதுவும் ஓர் உயிரற்ற குழாய் என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். உண்மையில் தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே நார்த்திசு, நடுவில் சுருங்கி விரியும் மென்தசை, உள்ளே, இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்படலம். இவ்வுட்படலம் ஒரே ஒரு செல்லின் கனமுடையது. வீட்டின் உட்சுவரில் ஒட்டிய மெல்லிய காகிதத்தைப் போன்றது என்றுதான் ஆராய்ச்சியாளர்களும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணத்தைத் தகர்த்தது ஒரு சிறு தவறு. நியூயார்க்கில் ஆய்வுக்கூடம் நடத்திவந்த ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அறிஞர், முயலின் தமனித் துண்டுகளை வைத்துப் பல ஆண்டுகளாகச் சோதனை செய்து வந்தார். அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தால் அத்துண்டுகள் சுருங்குவதையே அவர் கண்டிருந்தார். 1978ல் உதவியாளர் ஒருவர் சோதனையின் முறையைச் சற்று மாற்றிச் செய்துவிட, சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது! காரணத்தைத் தேடியபோது உண்மை புலப்பட்டது. அதுவரை துண்டுகளைத் தயாரிக்கும்போது உட்படலம் தம்மையறியாமல் தேய்த்து நீக்கப்பட்டு வந்தது. உட்படலம் சிதையாமல் இருந்தால் தமனி தளர்ந்து விரிகிறது. அதாவது, காகிதம் போன்ற அந்தப் படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, அடுத்துள்ள தசைக்குத் 'தளர்ந்துகொள்' என்று கட்டளையிடுகிறது. 1980ல் வெளியான இக்கண்டுபிடிப்பு மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்தப் பொருள் யாது? ஆறாண்டுகள் கழித்து 1986ல் விடை கிடைத்தது. அது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் சாதாரண வாயு! நெஞ்சுவலிக்காரர்கள் உட்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மருந்து இதே வாயுவை வெளியிட்டே இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது என்பதை, அல்பேனிய இனத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த ஃபெரித் முராத் 1977லேயே காட்டியிருந்தார். ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெடிமருந்தாகிய நைட்ரோகிளிசரினைக் கொண்டு செல்வம் ஈட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கு, அவருடைய இறுதிக் காலத்தில் இதய நோய்க்கு மருந்தாக அதே பொருளை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நைட்ரிக் ஆக்ஸைடு இரத்தக் குழாயை விரிப்பதோடு நிற்பதில்லை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி உள்ளே நுழைவதைக் குறைக்கிறது. சுருங்கக் கூறின், அது இரத்தக் குழாயின் காவலன். இக்காவலனைக் களவாடுவதுதான் இனி நாம் காணப்போகும் எதிரி.

பிராணவாயுவின் மறுமுகம்

பிராணவாயு இன்றி நாம் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. அதே பிராணவாயுதான் இரும்பைத் துருவாக்குகிறது, விறகை எரிக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோர் தங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளில் இதனை நாள்தோறும் காண்கின்றனர்.

பிராணவாயுவின் மூலக்கூறு ஒன்று, கூடுதலாக ஓர் எலெக்ட்ரானைப் பெற்றுக்கொண்டால் அது 'சூப்பர் ஆக்ஸைடு' ஆகிறது. எதனோடாவது வினைபுரியத் துடிக்கும் இயல்புடையது அது. இதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடும் வேறு சில பொருள்களும் பிறக்கின்றன. இக்கூட்டத்தையே 'தீவிர ஆக்ஸிஜன் வகைகள்' என்று அழைக்கின்றனர். நாம் 'துரு' என்று கூறியது இவற்றின் வேலையைத்தான்.

உடலுக்குள் இப்பொருள் உண்டாகிறது என்பதை நெடுநாள் யாரும் பெரிதாகக் கருதவில்லை. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் ஆகிய இருவரும் 1969ல், சூப்பர் ஆக்ஸைடை அழிப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் கண்டறிந்தனர். அதற்கு 'சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்' என்று பெயரிட்டனர். காவலாளி ஒருவன் நியமிக்கப்பட்டிருக்கிறான் என்றால் கள்வனும் அங்கே வருகிறான் என்பதுதானே பொருள்!

இரத்தக் குழாயின் சுவரில் இக்கள்வன் செய்யும் முதல் கொள்ளை, நைட்ரிக் ஆக்ஸைடைப் பற்றிக்கொள்வது. இரண்டும் சந்தித்த கணத்திலேயே இணைந்துவிடுகின்றன. காவல் நொதி சூப்பர் ஆக்ஸைடைப் பிடிக்கும் வேகத்தையும் மிஞ்சியது இவ்விணைப்பின் வேகம். இதனால் இரு கேடுகள் விளைகின்றன. குழாயைத் தளர்த்தும் காவலன் மறைந்துவிடுகிறான் என்பது ஒன்று. இணைப்பில் பிறக்கும் 'பெராக்ஸி நைட்ரைட்டு' என்னும் புதிய பொருள் புரதங்களையும் கொழுப்பையும் தாக்கிச் சிதைக்கிறது என்பது மற்றொன்று. குழாய் விறைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, சிதைந்த கொழுப்பு சுவருக்குள் படிகிறது, அதனை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அங்கேயே சிக்கிக் கொள்கின்றன. மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் இவ்வாறு அடித்தளம் இடப்படுகிறது.

நான்கு உலைக்களங்கள்

இந்நெருப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இரத்தக் குழாயின் சுவரிலேயே இதனை உண்டாக்கும் நொதிகள், அதாவது என்ஸைம்கள், உள்ளன. முக்கியமான நான்கு உலைக்களங்களைக் காண்போம்.

முதலாவது, 'என்ஏடிபிஎச் ஆக்ஸிடேஸ்' என்னும் நொதிக் குடும்பம். மற்ற நொதிகள் வேறொரு வேலையைச் செய்யும்போது தவறிச் சிந்தும் பொருளாகவே தீவிர ஆக்ஸிஜனை வெளியிடுகின்றன. இக்குடும்பமோ அதனை உண்டாக்குவதையே தன் தொழிலாகக் கொண்டது. இது முதலில் அறியப்பட்டது வெள்ளணுக்களில். நோய்க்கிருமியை விழுங்கிய வெள்ளணு, இந்நொதியை முடுக்கிச் சூப்பர் ஆக்ஸைடைப் பொழிந்து அக்கிருமியைக் கொல்கிறது. பிறவியிலேயே இந்நொதி பழுதுபட்ட குழந்தைகள், சாதாரணக் கிருமிகளாலும் பூஞ்சைகளாலும் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டு அவதியுறுகின்றனர். 1950களில் விவரிக்கப்பட்ட இந்நோய் நமக்கு ஒரு பாடத்தைப் புகட்டுகிறது: இந்நெருப்பு தன்னளவில் தீயதன்று. இறைவன் அதனை ஒரு பாதுகாப்புக்காகவே அமைத்திருக்கின்றான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் இரத்தக் குழாயின் சுவரிலும் உள்ளன. நாக்ஸ்-1, நாக்ஸ்-2, நாக்ஸ்-4, நாக்ஸ்-5 என்று அவற்றை எண்ணிட்டு அழைக்கின்றனர். நாக்ஸ்-5 எலிகளிடம் இல்லாத ஒன்று. ஆகவே எலிகளில் நடத்திய ஆய்வுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடிவதில்லை. நாக்ஸ்-4 பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையே உண்டாக்குகிறது. சில நிலைகளில் அது குழாய்க்கு நன்மையும் செய்கிறது.

இந்த உலையை ஊதிப் பெரிதாக்கும் துருத்தி எது? அமெரிக்காவின் அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் கேத்தி கிரீண்ட்லிங் தலைமையிலான குழுவினர் 1994ல் இதற்கு விடையளித்தனர். 'ஆஞ்சியோடென்சின் 2' என்பது இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஓர் இயக்குநீர். உடலில் நீரும் உப்பும் குறையும்போது அழுத்தம் வீழ்ந்துவிடாமல் காப்பது அதன் இயல்பான பணி. அதனை இரத்தக் குழாயின் தசைச் செல்களோடு சேர்த்தபோது, இந்நொதியின் வேகம் உயர்ந்து சூப்பர் ஆக்ஸைடு பெருகியது. இரத்த அழுத்தத்திற்கும் குழாய்ச் சுவரின் நெருப்புக்கும் உள்ள உறவு இங்கே வெளிப்பட்டது. இச்செய்தியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் வாப்பாவின் மாத்திரைக்கு மீண்டும் வரும்போது இது பயன்படும்.

இரண்டாவது உலை, 'ஸாந்தீன் ஆக்ஸிடேஸ்'. பசும்பாலில் இந்நொதி உண்டு என்பது 1902 முதலே அறியப்பட்ட செய்தி. நம் உடலில் இது ஸாந்தீன் என்னும் கழிவுப் பொருளை யூரிக் அமிலமாக மாற்றுகிறது. மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து வலிக்கும் 'கவுட்' என்னும் நோய்க்கு இந்நொதியை அடக்கும் அல்லோபியூரினால் மருந்து கொடுக்கப்படுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். யூரிக் அமிலத்தை உண்டாக்கும் அதே வேளையில் இந்நொதி சூப்பர் ஆக்ஸைடையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் வெளியிடுகிறது. இரத்தத்தில் மிதந்து வரும் இந்நொதி உட்படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அங்கேயே தன் வேலையைச் செய்யவும் கூடும்.

மூன்றாவது உலையின் கதை வேதனைக்குரியது. நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கும் நொதியே எதிரியாக மாறிவிடும் கதை அது. இந்நொதி சரிவரப் பணியாற்ற 'டெட்ராஹைட்ரோ பயோப்டெரின்' என்னும் துணைப்பொருள் தேவை. சுற்றிலும் நெருப்பு பெருகும்போது இத்துணைப்பொருள் முதலில் கருகிவிடுகிறது. துணையை இழந்த நொதி நைட்ரிக் ஆக்ஸைடுக்குப் பதிலாகச் சூப்பர் ஆக்ஸைடையே உண்டாக்கத் தொடங்குகிறது. ஊரைக் காக்க வைத்த காவலன், உணவும் ஆயுதமும் பறிக்கப்பட்டபின் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதைப் போன்றது இது. புகைப்போரிடமும் நீரிழிவு நோயாளிகளிடமும் உட்படலம் செயலிழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, செல்லின் அடுப்படியாகிய மைட்டோகாண்டிரியா. நாம் உண்ணும் உணவை எரித்துச் சக்தியாக்கும் இடம் அது. அங்குள்ள நொதிகள் எலெக்ட்ரான்களைக் கைமாற்றிச் செல்கையில் சில சிந்திப் பிராணவாயுவில் சேர்ந்துவிடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறும்போது இச்சிதறல் பெருகுகிறது.

இந்நான்கும் தனித்தனித் தீவுகள் அல்ல. முதல் உலையில் கிளம்பிய பொறி மூன்றாவது உலையின் துணைப்பொருளைக் கருக்குகிறது. நான்காவது அடுப்பைத் தூண்டுகிறது. அங்கிருந்து கிளம்பும் பொறி மீண்டும் முதல் உலையை ஊதுகிறது. ஓலைக் கூரைகள் நெருங்கிய தெருவில் ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்தடுத்த வீடுகளுக்குத் தாவுவதைப் போன்றது இந்நிலை.

அப்படியானால் புட்டி மருந்து?

இப்போது நம் முதல் வினாவுக்கு வருவோம். நெருப்புதான் பகை என்றால், அதனை அணைக்கும் வைட்டமின்களை அள்ளி விழுங்கினால் நோய் தீர வேண்டுமல்லவா? அறிஞர்களும் அவ்வாறே நம்பினர். நம்பியதோடு நில்லாமல் பல்லாயிரம் மக்களிடம் சோதித்தும் பார்த்தனர். அவர்கள் கண்ட முடிவு, எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது.

ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994ல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! வைட்டமின் ஈ அந்நோயைக் குறைக்கவில்லை. பிரிட்டனில் 20,536 பேரிடம் நடத்தப்பட்டு 2002ல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்து 5 ஆண்டுகள் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ குறையவில்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவே நமக்கு மிகவும் பயன்தரும் ஆய்வு ஒன்று உண்டு. கேரளத்தைச் சேர்ந்தவரும், பெங்களூருவில் மருத்துவம் பயின்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவருமான டாக்டர் சலீம் யூசுஃப் அவர்கள் தலைமையில் நடந்த 'ஹோப்' ஆய்வு அது. 55 வயதைக் கடந்த, இரத்தக் குழாய் நோயோ, வேறு ஆபத்துக் காரணிகளுடன் கூடிய நீரிழிவோ உடைய 9,000க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். ஒரே ஆய்வில் இரண்டு மருந்துகள் சோதிக்கப்பட்டன. ஒன்று, நம் வாப்பாவின் புட்டியில் உள்ள அதே வைட்டமின் ஈ, நாளொன்றுக்கு 400 அலகு. மற்றொன்று, ஆஞ்சியோடென்சின் 2 உண்டாவதைத் தடுக்கும் 'ராமிப்ரில்' என்னும் இரத்த அழுத்த மாத்திரை. 2000ல் முடிவு வெளியாயிற்று. வைட்டமின் ஈயால் இதயத்திற்கு எப்பயனும் விளையவில்லை. ராமிப்ரில் உட்கொண்டோரிடமோ மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து 22 விழுக்காடு குறைந்திருந்தன.

வாசகர்களே, இம்முடிவைச் சற்று நிதானித்து நோக்குங்கள். வாப்பா கையில் எடுத்தது பயனற்றுப்போன மருந்து. அவர் தூக்கி எறிந்தது, இந்த ஆய்வில் பயன் நிறுவப்பட்ட மருந்தின் இனத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்!

ஏன் இவ்வாறு நேர்ந்தது? மேலே கண்ட செய்திகளிலேயே விடை அடங்கியிருக்கிறது. சூப்பர் ஆக்ஸைடு நைட்ரிக் ஆக்ஸைடைப் பற்றும் வேகத்திற்கு முன்னால் வைட்டமின்கள் மிக மெதுவானவை. அவை வந்து சேருமுன் கொள்ளை முடிந்துவிடுகிறது. மேலும் வைட்டமின் ஈ கொழுப்பில் கரைந்து தங்குவது. நெருப்பு மூளுவதோ பல இடங்களில். புகையை விசிறியால் விரட்டுவதற்கும், அடுப்பின் விறகை வெளியே இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆஞ்சியோடென்சினைக் குறைக்கும் மருந்து உலையை ஊதும் துருத்தியையே நிறுத்துகிறது. அம்மருந்தின் நன்மை முழுவதும் இதனால்தான் என்று கூறிவிட முடியாது. அழுத்தம் குறைவதும் ஒரு பெரும் காரணமே. எனினும் மூலத்தைத் தடுப்பதன் சிறப்பு இதில் தெளிவாகிறது.

மூலத்தைத் தடுக்கும் எல்லா முயற்சிகளும் வென்றுவிட்டன என்றும் எண்ண வேண்டாம். இரண்டாவது உலையை அடக்கும் அல்லோபியூரினால், கவுட் நோய் இல்லாத இதய நோயாளிகளைக் காக்குமா என்று பிரிட்டனில் 5,700க்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்தனர். 2022ல் வெளியான முடிவு, அவ்வாறு பயனில்லை என்பதே. எந்த உலை, எந்த நோயில், எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை ஆராயும் பணி தொடர்கிறது.

அளவிலேதான் நலம்

மற்றொன்றையும் இங்கே கருத வேண்டும். தீவிர ஆக்ஸிஜனை அடியோடு ஒழித்துவிடுவது நன்றன்று. சிறிய அளவில் அது செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் தூதனாகவும் பணியாற்றுகிறது. காயம் ஆறவும் கிருமி அழியவும் அது தேவை. அதனை அளவுக்குள் வைத்திருக்கச் சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற காவல் நொதிகளை நம்முள்ளேயே அமைத்து வைத்திருக்கின்றான் அனைத்தையும் அளவோடு படைத்த வல்ல நாயன். உலையும் அவன் அமைத்தது. காவலும் அவன் அமைத்தது. நம் பொறுப்பு, நம் கையால் உலையில் விறகை அள்ளிப் போடாமல் இருப்பது.

இல்லத்தில் நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, புகையிலை. பீடி, சிகரெட், ஹுக்கா எதுவாயினும் புகையின் ஒவ்வோர் இழுப்பும் எண்ணற்ற தீவிரப் பொருள்களை உள்ளே செலுத்துவதோடு, குழாய்ச் சுவரின் நொதிகளையும் தூண்டுகிறது. வீட்டினுள் ஒருவர் புகைத்தால், அருகிலிருக்கும் மனைவி மக்களின் இரத்தக் குழாயும் அதற்கு இரையாகிறது.

இரண்டாவதாக, உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், உப்புக்கண்டம் ஆகியவற்றை விரும்பும் நம் இல்லங்களில் இந்த அளவு காலை உணவோடு முடிந்துவிடக்கூடும். சமையலறைப் பொறுப்பை ஏற்றிருக்கும் சகோதரிகள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, நடை. விரைந்து நடக்கும்போது இரத்த ஓட்டம் உட்படலத்தை உரசிச் செல்கிறது. அவ்வுரசல் நைட்ரிக் ஆக்ஸைடு நொதியை நல்வழியில் தூண்டுகிறது. பள்ளிவாசலுக்கு இருசக்கர வண்டியில் செல்வோர், உடல்நிலை இடங்கொடுக்குமாயின், நடந்து செல்லலாமே!

நான்காவதாக, உணவு. வைட்டமின் மாத்திரைகள் தோற்றன என்பதால் காய்கனிகளும் தோற்றன என்று எண்ணிவிடாதீர்கள். கீரை, காய், பழம், பருப்பு, மீன் ஆகியவை நிறைந்த உணவு இதயத்திற்கு நலம் தருவது. அந்நலம் ஒரே ஒரு வைட்டமினில் அடங்கியதன்று. நெய்ச்சோறும் பிரியாணியும் விருந்துக்கு உரியவை. வாரம் முழுவதும் விருந்தாகிவிடலாகாது. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, நான்காவது உலையைத் தணிப்பதாகும்.

ஐந்தாவதாக, மருந்து. இரத்த அழுத்தம் வலி தராத நோய். வலியில்லை என்பதால் மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. ரமளான் வருமுன் மருத்துவரைக் கலந்து, ஸஹரிலும் இஃப்தாரிலும் எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வது, நோன்பு நோற்கத் தம் உடல் தகுதியானதா என்பதைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு நீண்ட நேரம் செயல்படும் நைட்ரேட் மாத்திரை உட்கொள்வோர் நாளில் சில மணி நேரம் மருந்தின்றி இருக்குமாறு மருத்துவர் வேளை குறித்திருப்பார். இடைவிடாது உட்கொண்டால் அதன் வேகம் மழுங்கிவிடும். அவ்வாறு மழுங்குவதற்கும் குழாய்ச் சுவரில் பெருகும் சூப்பர் ஆக்ஸைடு ஒரு காரணம் என்று 1995ல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே மறந்த மாத்திரையைச் சேர்த்து விழுங்குவதும், வேளையைத் தாமே மாற்றுவதும் கூடாது.

நோயுற்றால் மருந்து செய்துகொள்ளுமாறு நமக்கு வழிகாட்டியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இவ்வுடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணுவதில் அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

அடுத்த முறை உங்கள் மகன் தொலைபேசியில் "வாப்பாவுக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்டால், புட்டி மருந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். நடப்பதற்கு ஏற்ற நல்லதொரு காலணியும், வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியொன்றும் வாங்கி வரச் சொல்லுங்கள். இன்றே வாப்பாவின் அருகில் அமர்ந்து, "பிரஷர் மாத்திரை சாப்பிட்டீர்களா வாப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறுத்தியிருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தையும், அதனைப் பேணும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.